நிறம் போச்சு சரி, உப்பு எங்கே போச்சு?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குவளையில் கத்தரிப்பூ நிறத்தில் சாயத்தண்ணி. அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கி வெயிலில் வைக்கிறார்கள். படம் வேகமாக ஓடுகிறது. கடைசியில் தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கிறது. அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: "நானோ பொடி வந்தாச்சு. இனி ஆர்.ஓ.வும் வேண்டாம், ஜீரோ டிஸ்சார்ஜும் வேண்டாம்." வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். அன்று சாயங்காலமே சாயப்பட்டறை வைத்திருக்கும் தம்பி (ஒன்றுவிட்ட தம்பிதான், ஆனால் கூடப் பிறந்தவன் மாதிரி) போன் செய்தான். "ஏனக்கா, இது நெசந்தானா? கரண்டு பில்லும் எவாப்பரேட்டர் செலவும் கழுத்தை நெரிக்குது. இந்தப் பொடியைப் போட்டு வெயில்ல வெச்சா முடிஞ்சு போயிருமா?"

போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பொடி பொய் இல்லை. வெளிச்சத்தை வைத்துச் சாயத்தை உடைக்க முடியும் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் அதைக் காட்டி ஜீரோ டிஸ்சார்ஜ் வேண்டாம் என்று சொல்வது, நொய்யல் கரையில் இருக்கிற நம்மை மறுபடியும் பழைய இடத்தில் கொண்டுபோய் விடுகிற பேச்சு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பாடம் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! "தூய நீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக் காட்டி, "இதோ பாருங்கள், நிறமே இல்லை, இதுதான் சுத்தமான தண்ணீர்" என்பேன். ஒரு தடவை ஒரத்துப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், எங்க கெணத்துத் தண்ணியும் இப்படித்தானுங்க இருக்குது. ஆனா குடிக்க முடியாதுங்க. எருமைகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தப் பையன் சொன்னதுதான் அன்றைய பாடம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. இதைப் படித்தால் உனக்குத் தெரியும் கண்ணு, உன்னைத்தான் சொல்கிறேன்.

வெளியூரில், வெளிநாட்டில் வளர்கிற நம் பிள்ளைகளுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். சென்னிமலைக்குப் பக்கத்தில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்தார்கள். மழைத் தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் திருப்பூரின் சாயத்தண்ணி தேங்கியது. அணையைத் திறக்காதே என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலைமை வந்தது. உலகத்தில் வேறெங்காவது இப்படி நடந்திருக்குமா தெரியவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. அப்படியும் நடக்காமல் போகவே, 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த வருஷம் வேலை போன குடும்பங்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. தோட்டம் போன குடும்பங்களும் நம் சொந்தத்திலேயே உண்டு. இரண்டு பக்கமும் நமக்கு ஆள் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இப்போது அந்தப் பொடிக்கு வருவோம். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள், நானோவெல்லாம் எனக்குப் புதிது. ஆனால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது இதே துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அவளைப் பிடித்து இரண்டு ராத்திரி போனில் பாடம் கேட்டேன். சொல்லிக்கொடுத்தவளுக்கே சொல்லிக்கொடுத்தாள், பொறுமையாக.

கருப்புச் சட்டையை வெயிலிலேயே காயப்போட்டால் தோள்பட்டை வெளுத்துப் போகிறது அல்லவா? வெளிச்சம் சாயத்தை உடைக்கிறது. சும்மா விட்டால் அதற்கு மாசக்கணக்கில் ஆகும். அதை மணிக்கணக்கில் முடிக்க ஒரு துணை வேண்டும். அந்தத் துணைதான் இந்தப் பொடி. அதிகம் பயன்படுவது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டின் வெண்மையே அதுதான். அதற்கான தாது மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. இந்தப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் தண்ணீரையே பிரிக்கும் என்று ஜப்பானில் புஜிஷிமா, ஹோண்டா என்ற இருவர் 1972-ல் எழுதினார்கள். மாணவரும் அவருடைய ஆசிரியரும்! அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம்.

நடப்பது இதுதான். ஒளி பட்டதும் பொடிக்குள் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்று இடத்தை விட்டு மேலே தாவுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. காலியான இடம் பக்கத்திலிருக்கும் தண்ணீரிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்த தண்ணீர், ஹைட்ராக்சில் ராடிக்கல் என்கிற பெரும் முரடனாக மாறுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆயுள் கிடையாது. அதற்குள் கைக்கு எட்டிய எதையாவது கடித்துக் குதறிவிடும். பக்கத்தில் சாய மூலக்கூறு இருந்தால் அது துண்டு துண்டாகும். பொடி செலவாகாது, மறுபடி வெளிச்சம் பட்டால் மறுபடி வேலை செய்யும்.

சரி, நானோ எதற்கு? இதற்கு ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டி, சின்ன வெல்லத் துண்டு மாதிரி என்று வையுங்கள். அதன் ஆறு பக்கமும் சேர்த்து மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட்! விரல் நுனியில் நிற்கிற கட்டிக்குள் 15 சென்ட் நிலம். வேலை முழுக்க மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பதால் நிலம் கூடக் கூட விளைச்சல் கூடும். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ரசிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல், சாதாரண டைட்டானியம் பொடி புற ஊதா ஒளியை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். நம் வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மிச்ச வெயில் வீண். அதனால் பொடியில் நைட்ரஜனைச் சேர்க்கிறார்கள், வெள்ளியை ஒட்டுகிறார்கள், இரும்பு, பிஸ்மத், கார்பன் நைட்ரைடு என்று வேறு பொருட்களைத் தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் பிடிக்க வேண்டும் என்பதற்காக. நம் பெண்ணின் ஆராய்ச்சியும் அதில்தான். நான் அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

அவளிடம் முதலில் கேட்டேன்: "சாமி, எந்தத் தண்ணியில சோதிச்சே?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வாலை வடிநீர்ல டீச்சர். ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ."

இந்தத் துறையில் பெரும்பாலான சோதனைகள் அப்படித்தானாம். சுத்தமான தண்ணீர், அதில் ஒரே ஒரு சாயம், அதுவும் துளி. மெத்திலீன் புளூ நம் பட்டறைகளில் பனியனுக்குப் போடுகிற சாயமே இல்லை. அதோடு, அந்தச் சாயம் தானே வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வெளுக்கக் கூடியது. அதனால் நிறம் போனது பொடியாலா, சாயத்தின் குணத்தாலா என்று விஞ்ஞானிகளே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை அவள்தான் சொன்னாள், நேர்மையான பிள்ளை.

பட்டறைத் தண்ணீர் அப்படியா இருக்கிறது? தம்பி பட்டறைக்கு நான் போயிருக்கிறேன். தொட்டியில் கையை விட்டால் விரல் தெரியாது. வெளிச்சம் மேலாகவே நின்றுவிடும், அடியில் கிடக்கும் பொடிக்கு என்றும் அமாவாசைதான். ஆழம் இல்லாமல் பரப்பி வைக்கலாமே என்பீர்கள். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்ப இரண்டரை ஏக்கர் வேண்டும். சோதனைச் சாலைகளில் போடுவது போல லிட்டருக்கு ஒரு கிராம் பொடி போட்டால் ஒரு டன் பொடி. அது மாவை விட நைசு, தானாக அடியில் தங்காது. ஒரு டன்னையும் வடிகட்டி எடுத்து மறுநாள் திரும்பப் போட வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்தப் பொடியே ஆற்றுக்குப் போகும். கண்ணாடியில், மணிகளில் பூசி வைக்கலாம், காந்தத்தால் இழுக்கிற மாதிரிச் செய்யலாம் என்று வழி தேடுகிறார்கள். தேடட்டும். ஐப்பசி கார்த்திகை மழை மூட்டத்துக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் வழி சொல்லட்டும்.

இதெல்லாம்கூட என்றைக்காவது சரியாகிவிடும் என்று நம்புகிறேன். சரியாகாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பருத்தித் துணியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே மாதிரி மின்சுமை. சமாதானம் பண்ணி வைக்க உப்பு போடுகிறார்கள், சாதா உப்போ கிளாபர் உப்போ. அழுத்தமான நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை. கடல் தண்ணீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் என்றால் 480 கிராம் உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு கருப்பு பனியனுக்கு ஒரு கைப்பிடி. அந்த உப்பில் துணியோடு வீட்டுக்கு வருவது எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. கூடவே, துணியில் ஒட்டாத சாயம் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை.

அந்த முரட்டு ராடிக்கல் சாயத்தைக் கடிக்கும், உப்பை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சோடியம் சோடியமாகவே இருக்கும். வீடியோவில் அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆன பிறகு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் (வைக்காதீர்கள்!) தெரிந்திருக்கும். இன்னும் கேளுங்கள். குளோரைடும், சோடா உப்பிலிருந்து வருகிற கார்பனேட்டும் ராடிக்கலைக் குறுக்கே புகுந்து பிடித்துத் தின்றுவிடும். சாயத்துக்குப் போக வேண்டிய அடி இவற்றின் மேல் விழும். அதாவது உப்பு போகாதது மட்டும் இல்லை, பொடியின் வேலையையும் கெடுக்கும்.

நம் நிலத்தைக் கொன்றது எது? வாய்க்காலில் சிவப்பும் நீலமுமாக ஓடியதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஆனால் தென்னை குரும்பை உதிர்த்தது உப்பினால். மண் இறுகிக் கட்டாந்தரையானது சோடியத்தினால். குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பட்டறைகளின் கலவைக் கழிவில் அது பல ஆயிரம். மாமா தோட்டத்துக் கிணற்றில் நிறம் கடைசி வரைக்கும் வரவே இல்லை. மண் வடிகட்டிவிட்டது. உப்பை மண்ணால் வடிகட்ட முடியவில்லை. அவர் அந்தத் தண்ணீரை அஞ்சாறு வருஷம் நம்பிப் பாய்ச்சினார், தெளிவாக இருக்கிறதே என்று. வகுப்பில் நான் தூக்கிக் காட்டிய டம்ளரும் அவர் கிணறும் ஒன்றுதான்.

நிறம் போவதிலும் ஒரு கண்கட்டு உண்டு. நம் சாயங்களில் நிறைய அசோ வகை, நடுவில் இரண்டு நைட்ரஜன் கைகோத்திருக்கும். அந்தக் கோப்பை விடுவித்தாலே நிறம் போய்விடும். ஆனால் துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கும். அரோமேடிக் அமீன் என்கிற சில துண்டுகள் முழுச் சாயத்தைவிட மோசம். அவற்றையும் உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்க இன்னும் பல மணி நேரம் வெளிச்சம் வேண்டும். வீடியோ எடுப்பவர்கள் நிறம் போனதும் கேமராவை நிறுத்திவிடுகிறார்கள். பிளீச்சிங் போட்டாலும்தான் நிறம் போகும்! அந்த வித்தையை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள்தானே.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. முதலில் பாக்டீரியா, பிறகு நிறம் எடுப்பது, பிறகு ஆர்.ஓ., மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பது. அவ்வளவுக்கும் கரண்டும் விறகும் வேண்டும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பனியனுக்குக் காலணா கூட்டித் தர மாட்டான், ஆனால் சுற்றுச்சூழல் சர்டிபிகேட் மட்டும் கேட்பான். அந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் உன் பட்டறையில் உப்பை நிலத்துக்குப் போகாமல் நிறுத்துவது ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும்தான். பொடி அவற்றின் இடத்துக்கு வர முடியாது. அவற்றுக்கு முன்னால் நிற்க முடியும். ஆர்.ஓ. மெம்பிரேன் அடைத்துக்கொள்வதற்கு, பாக்டீரியாவால் தின்ன முடியாமல் தப்பி வருகிற சாயமும் மற்ற அழுக்கும் ஒரு முக்கியக் காரணம். அந்த மிச்சத்தை வெளிச்சத்தால் உடைத்துவிட்டு அனுப்பினால் மெம்பிரேன் கூடுதல் நாள் வரும், மருந்து போட்டு நிறம் எடுப்பதால் குவிகிற சேறும் குறையும். அந்தக் கட்டத்தில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருப்பதால் வெளிச்சமும் உள்ளே போகும். இந்த மாதிரி இடத்துக்கு என்று யாராவது செய்து காட்டினால் முதல் ஆளாக நானே உன் பட்டறைக்குக் கூட்டி வருகிறேன்.

என் பயமெல்லாம் பெரிய பட்டறைகளைப் பற்றி இல்லை. அவர்கள் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்துவிட்டார்கள். சேர முடியாத சின்னப் பட்டறைகள் ஆற்றங்கரைகளில் இன்னும் இருக்கின்றன, காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமும் இருக்கின்றன. அவர்களிடம்தான் இந்தப் பொடியை யாராவது மூட்டை கட்டி விற்க வருவார்கள். நிறம் இல்லாமல் தண்ணீரை விட்டால் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். சிவப்பாக ஓடினால் நாலு பேர் கேட்பான். தெளிந்த உப்புத் தண்ணீரை எவன் கேட்பான்? ஒரு விதத்தில் அந்த நிறம்தான் நமக்கு இருந்த ஒரே காவல் நாய். அதன் வாயை மட்டும் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுகிற வேலைக்கு என் மாணவியின் உழைப்பு பயன்படக் கூடாது.

ஆராய்ச்சியில் இருக்கிற என் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன், திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். வடிநீரில் செய்தது போதும். திருப்பூரிலிருந்து ஒரு கேன் நிஜமான கழிவை எடுத்துப் போய் அதில் செய்யுங்கள். நிறம் எவ்வளவு போனது என்பதோடு நிறுத்தாமல், கார்பன் எவ்வளவு மிச்சம், உப்பு எவ்வளவு மிச்சம், பொடி எவ்வளவு திரும்பி வந்தது என்றும் எழுதுங்கள். வெட்கப்படுகிற மாதிரி எண்கள் வந்தாலும் எழுதுங்கள். உப்பே இல்லாமல், இல்லை பாதி உப்பில் சாயம் ஏற்றுவது எப்படி என்றும் சிலர் தேடுகிறார்கள். பருத்தியின் மின்சுமையை முதலிலேயே மாற்றிவிட்டால் உப்பு வேண்டியதில்லையாம். எனக்கு வாய்ப்பிருந்தால் பணத்தை அந்தப் பக்கம்தான் கூடுதலாகக் கொடுப்பேன். வராத உப்பை யாரும் காய்ச்ச வேண்டியதில்லை அல்லவா?

நம் பெண் ஒத்துக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதம் லீவில் வரும்போது தம்பி பட்டறையிலிருந்து இருபது லிட்டர் கேன் ஒன்று எடுத்துப் போகிறாள். தம்பி, நீ தண்ணீர் கலந்து லேசாக்கிக் கொடுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். வீடியோ போட்டவருக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறேன்: "நிறம் போச்சு சரிங்க, டி.டி.எஸ். எவ்வளவு?" அஞ்சு நாளாச்சு, நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.